கியர்பாக்ஸை உடைப்பது எஞ்சினா, எடையா?

"சின்ன வண்டியில பவர் வேணும்னா மேனுவல் எடுத்துக்கங்கண்ணே. ஆட்டோமேட்டிக்தான் வேணும்னா சாதா எஞ்சின் போதும். ரெண்டையும் ஒண்ணா கேட்டா கியர்பாக்ஸ் நிக்காது." திண்டுக்கல்லில் கார் வாங்கக் கிளம்பும் யாரும் இந்தத் தீர்ப்பைக் கேட்காமல் வீடு திரும்ப முடியாது. ஷோரூம் விற்பனையாளர் சொல்வார். பட்டறை மேஸ்திரி சொல்வார். ஆட்டோமேட்டிக் காரின் ஸ்டியரிங்கை ஒருநாளும் தொட்டிராத சித்தப்பா எல்லோரையும்விட உறுதியாகச் சொல்வார். ஆயிரம் கிலோவை ஒட்டிய எடையுள்ள காரில், நூறு குதிரைத்திறனைத் தாண்டும் டர்போ எஞ்சினையும் கிளட்ச் மிதி இல்லாத கியர்பாக்ஸையும் சேர்த்து வைக்கக் கூடாது என்பது இவ்வட்டாரத்தில் ஏறக்குறைய சட்டமாகவே ஆகிவிட்டது. அந்தச் சட்டம் தவறு. அதனால் விளைவது இன்னும் மோசம்.

எதிர்த்தரப்பின் வாதத்தை அதன் முழு வலுவோடு முதலில் சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸுக்கும் டார்க் எனப்படும் முறுக்கு விசையில் ஓர் உச்ச வரம்பு உண்டு. அதை மீறினால் உள்ளே இருக்கும் கிளட்ச் தட்டுகளோ பெல்ட்டோ வழுக்கிச் சூடாகி அழியும். சின்னக் காரின் பானெட்டுக்குள் பெரிய கியர்பாக்ஸை வைக்க இடமில்லை, வைத்தால் விலையும் ஏறும். எண்ணெய் வழியாக விசையைக் கடத்துவதால் பவரும் மைலேஜும் கொஞ்சம் வீணாகும். கொடைக்கானல், சிறுமலை மாதிரி மலைப்பாதைகள் பக்கத்திலேயே இருக்கும் ஊரில், இறக்கத்தில் எஞ்சின் பிடிமானம் முக்கியம். பழுதானால் செலவு லட்சத்தைத் தொடும்.

சாட்சிகளும் கையில் இருக்கின்றன. 2018இல் வந்த ஹோண்டா அமேஸ் டீசல், மேனுவலில் 100 குதிரைத்திறனும் 200 நியூட்டன் மீட்டர் டார்க்கும் தந்தது. அதே எஞ்சினை சிவிடி ஆட்டோமேட்டிக்கோடு இணைத்தபோது 80, 160 என்று குறைத்தே விற்றார்கள். நிஸான் மேக்னைட் டர்போ மேனுவலில் 160 நியூட்டன் மீட்டர், சிவிடியில் 152. வண்டி செய்தவனே எஞ்சினை அடக்கி வைக்கிறான் என்றால் கியர்பாக்ஸ் தாங்காது என்றுதானே பொருள்? நியாயமான கேள்வி. மேலே சொன்ன எண்கள் எதிலும் பொய் இல்லை. அவற்றிலிருந்து எடுத்த முடிவில்தான் பிழை.

1. தாங்காது, தாங்காது என்கிறார்களே, எதைத் தாங்காது?

எஞ்சின் தரும் டார்க்கை என்று பதில் வரும். அது பாதிதான். கியர்பாக்ஸ் மேல் விழும் சுமையை முடிவு செய்வதில் எஞ்சினுக்கு எவ்வளவு பங்கோ அவ்வளவு பங்கு வண்டியின் எடைக்கும் உண்டு. கியர்பாக்ஸ் செய்யும் நிறுவனங்கள் டார்க் வரம்பைச் சொல்லும் இடத்திலேயே வண்டியின் எடை வரம்பையும் சேர்த்துச் சொல்வது இதனால்தான். விளம்பரத்தில் முதல் எண் மட்டும் வருகிறது; நம் விவாதமும் முதல் எண்ணோடு நின்றுவிடுகிறது.

ஒரு கணக்குப் போடுவோம். ஆட்களோடு சேர்த்து 1200 கிலோ எடையுள்ள, முன்சக்கரங்கள் இழுக்கும் ஒரு கார். முன் அச்சில் அறுபது விழுக்காடு எடை விழுகிறது என்று கொண்டால் 720 கிலோ. காய்ந்த நல்ல தார்ச்சாலையில் உராய்வுக் கெழு 0.9. டயர் தரையைப் பிடித்துத் தள்ளக்கூடிய உச்ச விசை சுமார் 6350 நியூட்டன். சக்கரத்தின் ஆரம் 30 சென்டிமீட்டர் என்றால் அச்சில் 1905 நியூட்டன் மீட்டர். முதல் கியரும் ஃபைனல் டிரைவும் சேர்ந்து 14 மடங்கு பெருக்கினால், கியர்களுக்குள் நுழையும் இடத்தில் அது வெறும் 136 நியூட்டன் மீட்டர். அதற்கு மேல் எஞ்சின் எவ்வளவு தந்தாலும் டயர் கீச்சிட்டுச் சுழலுமே ஒழிய, அந்தச் சுமை கியர்பாக்ஸின் மேல் நிலைத்து விழாது. வேகம் எடுக்கும்போது எடை பின்னால் சாய்வதைச் சேர்த்தால் இந்த எண் இன்னும் இறங்கும். லேசான காரில் கியர்பாக்ஸுக்கு டயர்தான் ஃபியூஸ்.

இதே எஞ்சினையும் இதே கியர்பாக்ஸையும் ஆட்களோடு 2000 கிலோ எடையுள்ள வண்டியில் வையுங்கள். டயர் பிடித்துக்கொள்ளும், 227 நியூட்டன் மீட்டர் வரை உள்ளே இறங்கும். எஞ்சின் மாறவில்லை. எடை மாறியது, சுமை ஏறியது.

நின்ற இடத்திலிருந்து நகர்த்தும்போது எழும் வெப்பமும் இதே கதைதான். கிளட்ச் வழுக்கி, வண்டியும் எஞ்சினும் ஒரே வேகத்துக்கு வரும்வரை, வண்டிக்குக் கிடைக்கும் இயக்க ஆற்றலுக்கு ஏறக்குறைய நிகரான ஆற்றல் வெப்பமாகிறது. மணிக்கு 15 கிலோமீட்டரில் கிளட்ச் முழுதாகப் பிடிக்கிறது என்றால் 1000 கிலோ வண்டிக்கு சுமார் 8700 ஜூல், 1600 கிலோ வண்டிக்கு 13,900 ஜூல். நாகல் நகரிலிருந்து பஸ் ஸ்டாண்டு வரை காலை நெரிசலில் எத்தனை முறை நின்று நகர வேண்டும் என்பது ஊர்க்காரர்களுக்குத் தெரியும். ஒவ்வொரு தடவையும் இந்த வித்தியாசம் சேர்ந்துகொண்டே போகும். எடை குறைந்த கார் ஒவ்வொரு கியரையும் வேகமாகக் கடந்துவிடுவதால், முழு விசையின் கீழ் கியர்பாக்ஸ் நசுங்கிக் கிடக்கும் நேரமும் குறைவு.

பந்தயக்காரர்கள் இதை அறுபது ஆண்டுகளுக்கு முன்பே கண்டுகொண்டார்கள். 1965இல் அமெரிக்காவின் செப்ரிங் 12 மணி நேரப் பந்தயத்தில், கொட்டும் மழையில், ஜிம் ஹாலும் ஹாப் ஷார்ப்பும் ஓட்டி வென்ற சாப்பரல் கார் இதற்கு ஒரு சான்று. லேசான உடல், ஷெவர்லே வி8 எஞ்சின், நடுவில் டார்க் கன்வெர்ட்டர். கியரை ஓட்டுநர் கையால்தான் மாற்றினார். கிளட்ச் மிதி மட்டும் கிடையாது. கால் மைல் டிராக் பந்தயத்தில் ஜெனரல் மோட்டார்ஸின் பவர்கிளைடு ஆட்டோமேட்டிக் இன்றைக்கும் பேர்போனது. 1950இல் வந்து 1973இல் உற்பத்தி நின்றுபோன, இரண்டே கியர் கொண்ட பெட்டி அது. உள்பாகங்களை வலுப்படுத்தி, லேசான உடலுக்குள் அசுர எஞ்சினோடு பூட்டுகிறார்கள். எடை குறைவாகவும் பவர் மிகுதியாகவும் இருந்தால் கியர் எண்ணிக்கைகூட அவ்வளவாகத் தேவைப்படாது என்பதற்கு இதைவிட வேறு சான்று எதற்கு?

2. அமேஸ் சொன்ன சாட்சியம் ஒருவகைப் பெட்டிக்கு எதிரானது; ஆட்டோமேட்டிக் என்ற இனத்துக்கே எதிரானதாக அதை ஆக்கிவிட்டார்கள்.

நம் ஊரில் ஆட்டோமேட்டிக் என்ற ஒரே பெயரில் நான்கு வேறு எந்திரங்கள் விற்கின்றன. இரண்டு கப்பிகளுக்கு நடுவே எஃகு பெல்ட் ஓடும் சிவிடி. எண்ணெயைச் சுழற்றி விசையைக் கடத்தும் டார்க் கன்வெர்ட்டர். இரட்டை கிளட்ச் கொண்ட டிசிடி. சாதாரண மேனுவல் பெட்டியின் கிளட்சையும் கியரையும் மோட்டாரோ ஹைட்ராலிக்கோ இயக்கும் ஏஎம்டி. இவற்றில் சிவிடியின் பெல்ட், கப்பியை அழுத்திப் பிடிக்கும் உராய்வை நம்பி ஓடுவது. அதற்கு டார்க் வரம்பு நெருக்கடியானதுதான். அமேஸிலும் மேக்னைட்டிலும் குறைக்கப்பட்டது சிவிடிக்காக.

இப்போது மறுபக்கச் சாட்சியைக் கூப்பிடுவோம். மஹிந்திரா எக்ஸ்யூவி 700 டீசல், 185 குதிரைத்திறன் வகையில், மேனுவலில் 420 நியூட்டன் மீட்டர், ஆட்டோமேட்டிக்கில் 450. தார் பெட்ரோல் மேனுவலில் 300, ஆட்டோமேட்டிக்கில் 320. இங்கே எஞ்சின் அடக்கி வைக்கப்பட்டிருப்பது மேனுவலில். ஆட்டோமேட்டிக் தாங்காது என்ற விதி உண்மையானால், இந்த எண்கள் தலைகீழாக அல்லவா இருக்க வேண்டும்? இரண்டும் கனமான வண்டிகள் வேறு. எடை, டார்க் இரண்டும் கூடிய இடத்திலேயே டார்க் கன்வெர்ட்டர் பெட்டி மேனுவலைவிடக் கூடுதலாக ஏற்கிறது. ஆயிரம் கிலோ காரில் அது திணறும் என்பதை எந்தக் கணக்கில் நம்புவது?

ஏஎம்டி விஷயம் இன்னும் வேடிக்கை. 2014இல் மாருதி செலேரியோவோடு இந்தியாவில் பரவத் தொடங்கிய இந்த வகையில் பல்சக்கரங்கள் மேனுவல் பெட்டியில் இருப்பவையேதான். கியர் போடுவது கையா மோட்டாரா என்று பல்சக்கரத்துக்குத் தெரியாது. 260 நியூட்டன் மீட்டர் தரும் டாடா நெக்ஸான் டீசலுக்கே 2018இல் ஏஎம்டி வந்துவிட்டது. ஏஎம்டியில் குறை உண்டு: கியர் மாறும்போது விசை அறுபட்டு வண்டி தலையாட்டும், ஏற்றத்தில் ஆக்சிலரேட்டரால் வண்டியை நிறுத்திப் பிடித்தால் கிளட்ச் கருகும். அது ஓட்டும் பழக்கத்தின் பிரச்சினை, தாங்கும் திறனின் பிரச்சினை ஆகாது.

ஆட்டோமேட்டிக் மென்மையானது என்று நினைப்பவர்களுக்கு இடையில் ஒரு தகவல். இரண்டாம் உலகப் போரில் ஓடிய அமெரிக்க எம்5 ஸ்டூவர்ட் டாங்கியில் இரண்டு கடிலாக் வி8 எஞ்சின்கள், இரண்டு ஹைட்ராமேட்டிக் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ்கள். டாங்கியின் எடை சுமார் 15 டன்.

3. "டிஎஸ்ஜி என்ன பாடு படுத்துச்சு, பாக்கலியா?"

பார்த்தோம். ஃபோக்ஸ்வாகனின் இரட்டை கிளட்ச் பெட்டியான டிஎஸ்ஜி பற்றிய இந்தக் கேள்வி கிளம்பியதும் பலர் வாயடைத்துப் போகிறார்கள். போக வேண்டியதில்லை. 2013இல் இந்தியாவுக்கு வந்த ஃபோக்ஸ்வாகன் போலோ ஜிடி டிஎஸ்ஐ, லேசான காரில் வலுவான எஞ்சினும் ஆட்டோமேட்டிக்கும் என்ற சேர்க்கைக்கு நம் நாட்டின் நேரடி உதாரணம். 1.2 லிட்டர் டர்போ, 105 குதிரைத்திறன், 175 நியூட்டன் மீட்டர். அதோடு உலர்ந்த இரட்டை கிளட்ச் கொண்ட 7 வேக டிஎஸ்ஜி. அந்தப் பெட்டியின் டார்க் வரம்பு 250 நியூட்டன் மீட்டர். எஞ்சின் தருவதைவிட 75 கூடுதல். தாங்கும் திறனில் பற்றாக்குறையே இல்லை.

பிறகு ஏன் பழுது? அதே 2013இல் சீனாவில் டிஎஸ்ஜி பெட்டிக்காக 3,84,181 கார்களை நிறுவனம் திரும்ப அழைத்தது. அந்த ஆண்டு நவம்பரில் உலகெங்கும் சுமார் 16 லட்சம் கார்களில், 7 வேகப் பெட்டிக்குள் இருந்த செயற்கை எண்ணெயைக் கனிம எண்ணெயாக மாற்றித் தந்தது. வெப்பமும் ஈரப்பதமும் கூடிய ஊர்களில், நின்று நின்று ஓட்டும்போது, அந்தச் செயற்கை எண்ணெயால் மின்பாகங்களில் கோளாறு வரலாம் என்பது சொல்லப்பட்ட காரணம். எஞ்சின் முறுக்கியதால் பல் உடைந்தது என்று யாரும் சொல்லவில்லை. வெயிலும் நெரிசலும் எண்ணெயும் மின்சாதனமும் சேர்ந்து செய்த வேலை அது. 75 குதிரைத்திறன் எஞ்சினை வைத்திருந்தாலும் அதே எண்ணெய், அதே வெயில்தான்.

2020இல் அதே போலோவில் 1.0 லிட்டர் டர்போ வந்தது: 110 குதிரைத்திறன், மாறாத 175 நியூட்டன் மீட்டர். கியர்பாக்ஸ் மட்டும் 6 வேக டார்க் கன்வெர்ட்டராக மாறியது. பவர் குறையவில்லை, கூடியது. பெட்டியின் வகையை மாற்றினார்கள். திண்டுக்கல் மாதிரி வெயில் ஊருக்கு எந்த வகை பொருந்தும் என்று கேட்பது உருப்படியான கேள்வி. உலர் கிளட்ச் டிசிடியை நெரிசலில் ஊர விடுவதை நானும் பரிந்துரைக்க மாட்டேன். எஞ்சின் மேல் பழி போட்டதால் அந்தக் கேள்வியைக் கேட்காமலே ஒரு தலைமுறை வாங்குநர்கள் போய்விட்டார்கள்.

4. உண்மையான சிக்கல் பொருத்தத்தில் இருக்கிறது. "தாங்காது" என்ற ஒற்றைச் சொல் அதை மூடி மறைக்கிறது.

இந்தக் கட்டுரையில் நான் அதிகம் நிற்க விரும்புவது இங்கேதான். வலுவான எஞ்சினை லேசான காரில் ஆட்டோமேட்டிக்கோடு சேர்ப்பது சுலபம் என்று நான் சொல்லவில்லை. அதில் தவறு செய்ய நிறைய இடம் உண்டு. அந்தத் தவறுகள் கியர்பாக்ஸை உடைப்பதில்லை. ஓட்டுபவரின் பொறுமையை உடைக்கின்றன.

முதல் இடம் டார்க் கன்வெர்ட்டர். எஞ்சினோடு சுற்றும் ஒரு விசிறி எண்ணெயைத் தள்ளுகிறது. கியர்பாக்ஸோடு சுற்றும் இன்னொரு விசிறி அதை வாங்குகிறது. நடுவில் இருக்கும் ஸ்டேட்டர் திரும்பி வரும் எண்ணெயைத் திசை மாற்றி விசையைப் பெருக்குகிறது. நின்ற நிலையில் ஏறக்குறைய இரண்டு மடங்கு வரை பெருக்கம் கிடைக்கும். ஹெர்மன் ஃபோட்டிங்கர் 1905இல் காப்புரிமை பெற்ற அமைப்பு இது. வண்டியைப் பிரேக்கில் நிறுத்தி ஆக்சிலரேட்டரை முழுதாக மிதித்தால் எஞ்சின் எந்த வேகம்வரை ஏறி நிற்கிறதோ, அது ஸ்டால் வேகம். ஒரே கன்வெர்ட்டருக்கு அது மாறா எண் கிடையாது. எஞ்சின் தரும் டார்க்கின் வர்க்கமூலத்தை ஒட்டி ஏறும். 115 நியூட்டன் மீட்டர் எஞ்சினோடு 2000 ஆர்பிஎம்மில் ஸ்டால் ஆகும் கன்வெர்ட்டரை 175 நியூட்டன் மீட்டர் எஞ்சினில் மாட்டினால் அது ஏறக்குறைய 2470க்குப் போகும். விளைவு, மிதித்தவுடன் எஞ்சின் கத்தும், வண்டி யோசித்துவிட்டு நகரும். இறுக்கமான கன்வெர்ட்டரைப் போட்டால் வேறு தொல்லை: டர்போ விழித்துக்கொள்ளும் வேகத்துக்கு எஞ்சினால் ஏற முடியாது, கிளம்பும்போது சோம்பல். எடை குறைந்த கார் இங்கேயும் உதவுகிறது. டர்போ விழிப்பதற்கு முன்பே, இருக்கும் கொஞ்சம் விசைக்கே அது நகர்ந்துவிடும்.

இரண்டாவது இடம், கியர் எப்போது மாற வேண்டும் என்று தீர்மானிக்கும் மென்பொருள். பழைய பெட்டிகளில் கவர்னரும் கேபிளும் செய்த வேலையை இப்போது கணினி செய்கிறது. மிதியின் ஆழத்தையும் வண்டியின் வேகத்தையும் பார்த்து அது முடிவெடுக்கும். லேசான காரில் வலுவான எஞ்சின் இருந்தால் கால் ஆழமாக அழுந்தவே தேவை வராது. கால் மென்மையாக இருப்பதைப் பார்த்து, இவர் நிதானமாகப் போகிறார் என்று கணினி எண்ணி மேல் கியருக்குத் தாவும். சான்றிதழ் மைலேஜுக்காக நிறுவனங்களும் அதை அப்படியே தாவ விடுகின்றன. சிறுமலைக் கொண்டை ஊசி வளைவில் கால் தளர்ந்ததும் நான்காவது கியருக்குப் போய், வளைவு முடிந்து மிதித்ததும் இரண்டாவதைத் தேடி அலையும். இதை அனுபவித்தவர்தான் "ஆட்டோமேட்டிக் மலைக்கு ஆகாது" என்று கீழே வந்து சொல்கிறார். அவர் பட்டது உண்மை. அது இரும்பின் குறை ஆகாது. மென்பொருளைத் திருத்தினால் தீரும், அதுவரை பேடிலைத் தட்டி இரண்டில் நிறுத்தினாலும் தீரும்.

கியர் விகிதம் பற்றி ஒரே வரி: கனமான எஸ்யூவிக்கு வகுத்த குட்டையான முதல் கியரை லேசான காருக்கு அப்படியே தந்தால், மேலே போட்ட கணக்குப்படி டயர் சுழலத்தான் செய்யும்.

இவை மூன்றும் பொறியாளர்கள் உட்கார்ந்து தீர்க்கக்கூடியவை. தீர்க்கச் சொல்லிக் கேட்க வேண்டியவர்கள் வாங்குபவர்கள். அவர்களோ "நிக்காது" என்று சொல்லி எழுந்துவிடுகிறார்கள்.

5. மலை, மலை என்கிறீர்கள். மலையேற எவ்வளவு பவர் வேண்டும் என்று கணக்குப் பார்த்தீர்களா?

ஐந்து பேரோடு 1350 கிலோ கார், நூற்றுக்கு ஆறு என்ற ஏற்றம், மணிக்கு 40 கிலோமீட்டர். ஏற்றத்துக்கு 8.8 கிலோவாட், டயர் உருளும் தடைக்கு 1.8 கிலோவாட். மொத்தம் 14 குதிரைத்திறன் சுற்றளவில். வளைவில் இழந்த வேகத்தை மீட்க இன்னும் கொஞ்சம். நூறு குதிரைத்திறன் எஞ்சினுக்கு இது மூச்சு வாங்கும் வேலையே கிடையாது. ஆகவே கியர்பாக்ஸுக்கும் கிடையாது. வலுவான எஞ்சின் மலையில் கியர்பாக்ஸைச் சிரமப்படுத்தும் என்ற பேச்சு உண்மைக்கு நேர்மாறு. 65 குதிரைத்திறன் எஞ்சின் அதே பாதையில் ஓயாமல் கியரைக் கீழே இறக்கிக் கேட்கும். வலுவான எஞ்சின் ஒரே கியரில் இழுத்துக்கொண்டு போகும்.

இறக்கம் வேறு கதை, அதையும் பார்ப்போம். வத்தலக்குண்டுப் பக்கத்துச் சமவெளிக்கும் கொடைக்கானலுக்கும் உயர வித்தியாசம் சுமார் 1800 மீட்டர். 1350 கிலோ வண்டி கீழே இறங்கும்போது ஏறக்குறைய 2.4 கோடி ஜூல் ஆற்றலைக் கரைத்தாக வேண்டும். 2000 கிலோ வண்டி என்றால் மூன்றரைக் கோடி. பிரேக்கும் எஞ்சினும் காற்றும் பங்கு போட்டுக்கொள்ள வேண்டிய சுமை அது. எஞ்சின் எவ்வளவு பிடிக்கும் என்பது அதன் கொள்ளளவையும் சுழலும் வேகத்தையும் பொறுத்தது. ஒரு லிட்டர் மூன்று சிலிண்டர் எஞ்சினின் பிடிமானம் குறைவுதான். ஆனால் மேனுவலிலும் அதே குறைவுதான். எஞ்சினையும் கியர்பாக்ஸையும் நேரடியாகப் பிணைக்கும் லாக்-அப் கிளட்ச் பூட்டிக்கொண்ட டார்க் கன்வெர்ட்டரில், மேனுவல் மோடில் இரண்டாவது கியரைப் பிடித்து இறங்கினால் கிளட்ச் மிதி உள்ள வண்டியோடு பெரிய வேறுபாடு இருக்காது. 'டி'யிலேயே போட்டுவிட்டு மலை முழுக்கப் பிரேக்கை மிதித்து வந்து, புகை வந்ததும் ஆட்டோமேட்டிக்கைத் திட்டுவது என்ன நியாயம்? மேனுவலை ஐந்தாவது கியரில் இறக்கினாலும் அதே புகைதான் வரும்.

இன்னொன்று. இன்றைய கொடைக்கானல் பாதையின் பெரிய சோதனை ஏற்றமா, நெரிசலா? சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் 2024 மே மாதம் இ-பாஸ் முறை வந்ததே வண்டிகள் பெருகியதால்தான். சீசன் நாளில் வெள்ளி நீர்வீழ்ச்சிக்கு முன்னால் வரிசை நிற்கும்போது, ஏற்றத்தில் அரை கிளட்சில் வண்டியைப் பிடித்துக்கொண்டிருக்கும் மேனுவல் கார்களிலிருந்து வரும் கருகல் வாடை எல்லோருக்கும் பழக்கமானது. அந்த இடத்தில் டார்க் கன்வெர்ட்டர் காரின் ஓட்டுநர் பிரேக்கிலிருந்து காலை எடுக்கிறார், வைக்கிறார். அவ்வளவே.

6. மைலேஜும் செலவும்.

மாருதி ஃபிராங்ஸ் 1.0 டர்போ: 100 குதிரைத்திறன், சான்றிதழ் மைலேஜ் மேனுவலில் லிட்டருக்கு 21.5, 6 வேக ஆட்டோமேட்டிக்கில் 20.01. நூறு கிலோமீட்டருக்கு 0.35 லிட்டர் வித்தியாசம். லிட்டர் நூறு ரூபாய் என்றால் 35 ரூபாய். ஆண்டுக்குப் பத்தாயிரம் கிலோமீட்டர் ஓட்டினால் 3500 ரூபாய். வாங்கும்போது ஆட்டோமேட்டிக்குக்கு ஒரு லட்சத்துக்கு மேல் கூடுதல் கொடுக்கிறோம் என்பதும், பெட்டி முழுதாகப் போனால் பில் கனக்கும் என்பதும் மெய். கணக்கின் மறுபக்கத்தில் மேனுவலின் கிளட்ச் பிளேட்டையும் எழுதுங்கள். தேயத் தேய மாற்ற வேண்டிய பொருள் அது. "லைஃப்டைம் ஆயில்" என்ற சொல்லை நம்பி வெயில் ஊரில் கியர்பாக்ஸ் எண்ணெயை மாற்றாமலே ஓட்டுபவருக்கு வரும் பில்லுக்கும் எஞ்சினின் குதிரைத்திறனுக்கும் தொடர்பில்லை.

7. இந்தக் கருத்து யாரைத் தண்டிக்கிறது?

ஆட்டோமேட்டிக் கேட்பவர்கள் யார் என்று பாருங்கள். முழங்கால் தேய்ந்தவர்கள். போலியோவால் இடதுகால் வலுவிழந்தவர்கள். தினமும் நெரிசலில் ஓட்டுபவர்கள். ஐம்பது வயதில் முதன்முறையாக ஸ்டியரிங் பிடிப்பவர்கள். "அது லேடீஸ் வண்டிங்க" என்ற சொல்லையும் நம் ஊர்ச் சபையில் கேட்கலாம், அதற்குப் பதில் சொல்லி நேரத்தைக் கெடுக்கப்போவதில்லை. இவர்களுக்கு நாம் சொல்வது: உங்களுக்குப் பலவீனமான எஞ்சின் போதும்.

போதுமா? வத்தலக்குண்டு சாலையில், நிலக்கோட்டைப் பூ ஏற்றிய வேன் ஒன்றை முந்த வேண்டும். 1350 கிலோ காரை 60இலிருந்து 90க்கு ஏற்ற, காற்றுத் தடையை விட்டுவிட்டாலும், சுமார் 2.34 லட்சம் ஜூல் தேவை. சக்கரத்தில் சராசரியாக 50 கிலோவாட் கிடைத்தால் 4.7 விநாடி; 35 கிலோவாட் என்றால் 6.7 விநாடி. அந்த இரண்டு விநாடியில் கார் எதிர்ப்பக்கத் தடத்தில் கூடுதலாக நாற்பது மீட்டர் ஓடுகிறது. எதிரே வரும் பேருந்தும் அதே இரண்டு விநாடி நெருங்குகிறது. பவரை ஆடம்பரம் என்று நினைப்பவர்கள் இந்த நாற்பது மீட்டருக்கு என்ன பெயர் வைப்பார்கள்?

சந்தையும் இதே கருத்தில் ஊறிப்போனது. 2015இல் வந்த ஃபியட் அபார்த் புன்டோ, 145 குதிரைத்திறன், மேனுவல் மட்டும். 2017இல் மாருதி பலேனோ ஆர்எஸ், 102 குதிரைத்திறன், மேனுவல் மட்டும். சிவிடி வேண்டுமென்றால் டர்போ இல்லாத 1.2 லிட்டர் எஞ்சின். 2018இல் நம் கோயம்புத்தூர் ஜெயம் ஆட்டோமோட்டிவ்ஸும் டாடாவும் கைகோத்துச் செய்த டியாகோ ஜேடிபி, 114 குதிரைத்திறன், அதுவும் மேனுவல் மட்டும். "கேட்பார் இல்லை, அதனால் செய்யவில்லை" என்கிறார்கள். கடையில் வைக்காத பொருளுக்குக் கேட்பாரை எப்படி எண்ணினார்கள்? டர்போவையும் டிசிடியையும் ஹூண்டாய் 2020இல் ஐ20இல் ஒன்றாக வைத்தது: 120 குதிரைத்திறன், 172 நியூட்டன் மீட்டர். ஃபிராங்ஸ் டார்க் கன்வெர்ட்டரோடு வந்தது. வைத்தவர்களிடம் வாங்குகிறார்கள்.

ஆனாலும் 2024இல் டாடா ஆல்ட்ராஸ் ரேசர் வந்தபோது 120 குதிரைத்திறனும் 170 நியூட்டன் மீட்டரும் 6 வேக மேனுவலோடு மட்டுமே கிடைத்தன. அதே நிறுவனத்திடம், அதே ஆல்ட்ராஸில், எண்ணெயில் மூழ்கிய கிளட்ச் கொண்ட டிசிடி 2022 முதலே இருந்தது. அதைக் கேட்டுப் போனவருக்குத் தொண்ணூறு குதிரைத்திறனைத் தொடாத எஞ்சினைத்தான் காட்டினார்கள்.